தீட்டும் அழுக்கும்

தண்ணீருக்குத் தீட்டு உண்டு என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையும் குளத்தையும் காவல் காத்து வந்த ஒரு நாட்டில், குடிதண்ணீர் இவ்வளவு அசிங்கப்பட்டுக் கிடப்பதற்குக் காரணம் என்ன? காவல் காத்தது தண்ணீரையல்ல, ஜாதியை என்பதுதான் நமது அபிப்பிராயம்.

1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி பம்பாய் மாகாணத்து மகத் என்னும் ஊரில், டாக்டர் அம்பேத்கர் ஏராளமான தோழர்களுடன் சென்று, பொதுக்குளமாகிய சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உடனே மேல்ஜாதி இந்துக்கள் குளம் கெட்டுவிட்டதென்று கூக்குரலிட்டு, சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் இவைகளை 108 குடங்களில் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டிச் "சுத்தி" செய்தார்கள்! மனிதன் கை பட்டால் அசுத்தமாம். மாட்டுச் சாணம் விழுந்தால் சுத்தமாம். இதற்கு மந்திரம் வேறு! ஆனால் இதற்கு 73 வருஷத்திற்கு முன்பே, 1854-ல், லண்டனில் ஜான் ஸ்னோ என்ற வைத்தியர், ஒரு தெருக்குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களே வாந்திபேதியில் கும்பல் கும்பலாகச் செத்தார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டி, அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பக்கத்து வீட்டுக் கழிவுக்குழி அந்தக் கிணற்றில் கசிந்திருந்தது பின்னால் தெரியவந்தது. அங்கே ஆராய்ச்சி, இங்கே மாட்டு மூத்திரம்.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்கள் வேங்கைவயலைப் பார்க்கட்டும். புதுக்கோட்டை ஜில்லாவிலுள்ள அவ்வூரில், 2022 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே சங்கதி வெளியாயிற்று. விசாரிக்க வந்த அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டார்கள்! 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீசார், பாதிக்கப்பட்ட அந்த ஜனங்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். அவ்வூரார் அதை ஒப்பவில்லை. வழக்கு எப்படியாவது முடியட்டும். அந்தத் தொட்டிக்கு ஒரு பூட்டுக்கும் வழியில்லாமல் விட்டதற்கு யார் ஜவாப்தாரி என்று கேட்கிறோம்.

வேங்கைவயல் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று சமயநல்லூர்ப் பக்கத்துத் தோழர்கள் நினைக்க வேண்டாம். நமது ஊருக்குப் பக்கத்தில் ஓடுவது வைகை. சோழவந்தானைத் தாண்டி வருவது நமக்கு; நாம் விடுவது மதுரைக்கு. அழகர் இறங்குகிற ஆறு என்று சித்திரையில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், மறுநாள் அதே ஆற்றில் சாக்கடையைத் திருப்பிவிடுகிறார்கள், குப்பையையும் கொட்டுகிறார்கள். ஆற்றுமணல் ஓரளவு வடிகட்டும். அந்த மணலையும் அள்ளி விற்றாகிவிட்டதே! "புண்ணிய தீர்த்தம்" என்று பேர் வைத்தால் டைபாய்டு கிருமி செத்துவிடுமா?

செய்ய வேண்டியதற்கு யாகம் தேவையில்லை. கழிவுக்குழி கிணற்றுக்கு 50 அடிக்காவது அப்பால் இருக்கட்டும். கிணற்றுக்குச் சுவரும், தொட்டிக்கு மூடியும் பூட்டும் வேண்டும். குளோரின் போட்டதாகப் புத்தகத்தில் எழுதினால் போதாது. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்கவேண்டும். கடைசி வீடு என்பது பெரும்பாலும் சேரிதான். மார்ச்சு 22 தண்ணீர் தினக் கிராம சபையில், அந்தக் கடைசிக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள்.