கலவை மிஷினை இழுத்துச் செல்லும் வேன்கள்: கொக்கி கழன்றால் யார் தலையில் விழும்?

வில்லியனூர்:

காலை 6 மணிக்கு வில்லியனூர் மெயின் ரோட்டில் நின்றால் தினமும் இந்த காட்சியை பார்க்கலாம். முன்னால் ஒரு குட்டியானை வேன். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய கான்கிரீட் கலவை மிஷின் ஆடி ஆடி வரும். வேனுக்குள் மண்வெட்டி, இரும்புச் சட்டி, அவற்றின் மேலேயே கொத்தனார், சித்தாள் என்று 10, 12 பேர். எங்கோ ஒரு வீட்டுக்கு தளம் போட போகிறார்கள்.

வேலை முடிந்து இரவு திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். மிஷினுக்கு பின்னால் விளக்கு கிடையாது. ஒளிரும் பட்டையும் கிடையாது. பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணுக்கு முன்னால் போகும் வேனின் விளக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் ஒரு இரும்பு உருளை வருவது பக்கத்தில் போன பிறகுதான் தெரியும்.

"பக்கத்து ஊருதானே, என்ன ஆகப் போகுது?" இதுதான் எல்லோரிடமும் இருக்கும் பதில். ஏதாவது ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதை கொஞ்சம் விரிவாக பார்ப்போம்.

எடை கணக்கு

குட்டியானை ரக வேன் சுமார் முக்கால் டன் சுமை ஏற்ற தயாரிக்கப்பட்டது. சிமெண்ட் மூட்டை கொட்டும் தொட்டி வைத்த கலவை மிஷின் ஒரு டன்னை தாண்டும். அதாவது வேன் சுமக்க வேண்டியதை விட அதிக எடை பின்னால் தொங்குகிறது. மேலே ஆட்கள் வேறு.

மிஷினுக்கு பிரேக் கிடையாது. வேன் டிரைவர் பிரேக் அடித்தால் வேன் நிற்க பார்க்கும், மிஷின் நிற்காது. பின்னால் இருந்து வேனை தள்ளும். வளைவில் தள்ளினால் வேன் பக்கவாட்டில் திரும்பி கவிழும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். 20 கிலோமீட்டரில் சமாளித்த டிரைவர் 40 கிலோமீட்டரில் சமாளிக்க முடியாமல் போவது இதனால்தான்.

இவ்வளவு எடையையும் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பின். அது தேய்ந்திருந்தால், பூட்டு ஊசி இல்லாமல் இருந்தால், ஒரு வேகத்தடை போதும். கழன்ற மிஷின் எந்த பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டப்படி, மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டி டிரெய்லர். டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். எனவே அதற்கும் ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ரிப்பேர் ஆன வண்டி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவு செய்த டிரெய்லரைத்தான் இழுத்துச் செல்லலாம் என்கிறது சாலை விதி. சக்கரம் வைத்த கலவை மிஷினும் இதில் அடங்கும் என்ற வாதம் விபத்து வழக்கில் நிச்சயம் வரும்.

அதிக பாரம் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி ரூ.20 ஆயிரம் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம் தனி.

உயிர்ப்பலி ஏற்பட்டால் கிரிமினல் வழக்கு. பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்ச தண்டனை 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் அது 5 ஆண்டு. முதலில் ஜெயிலுக்கு போவது தினக்கூலிக்கு வண்டி ஓட்டும் டிரைவர்தான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று ஓனர் நம்புகிறார். ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வரும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதிக்கு பாதுகாப்பு உண்டு. வண்டி ஓனரிடம் வேலை செய்யும் ஆளுக்கும் ஒரு வரம்பு வரை உண்டு. மேஸ்திரி கூட்டி வரும் சித்தாள் இந்த இரண்டிலும் வரமாட்டார். வண்டி ஓனரும் மேஸ்திரியும் சொந்த பணத்தில் இழப்பீடு கொடுக்க வேண்டிய நிலை வரும். அவர்களிடம் பணம் இல்லை என்றால் சித்தாள் குடும்பத்துக்கு தீர்ப்பு காகிதம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை, சரக்கு வண்டிகளையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. "டிரைவருக்கு பேட்ஜ் இல்லை" என்ற ஒரே காரணத்தை சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி இனி கைகழுவ முடியாது. ஆனால் பதிவு இல்லாத மிஷினுக்கும், பின்னால் ஏற்றிய ஆட்களுக்கும் இந்த தீர்ப்பு உதவாது.

டிராக்டரும் இதே கதைதான்

பாகூர் பக்கம் கரும்பு, வைக்கோல், சவுக்கு ஏற்றும் டிராக்டர்களிலும் இதே பிரச்சினை. டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் சீட். மட்கார்டில் உட்கார்ந்து போகிறவருக்கு எந்த பாதுகாப்பும் இல்லை. விவசாயத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு செங்கல் சூளைக்கு மண் அடித்த டிராக்டர் வழக்கு ஒன்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கம்பெனிக்கு பொறுப்பில்லை என்றே கோர்ட்டு கூறியது. காயமடைந்த தொழிலாளியின் நிலையை பார்த்து, முதலில் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிட்டது.

2022 அக்டோபர் 1-ந்தேதி உத்தரபிரதேச மாநிலம் கான்பூர் அருகே கோவிலுக்கு போய் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 26 பேர் பலியானார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். திருவிழா நேரத்தில் நம் ஊரிலும் டிரெய்லரில் ஆள் ஏற்றுகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இரவில் டிரெய்லரை ரோட்டோரம் கழற்றி விட்டுச்செல்வதும் குற்றம்தான். மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படும் வகையில் வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் விடக்கூடாது என்கிறது 122-வது பிரிவு.

பாதிக்கப்பட்டால்...

வில்லியனூரை தாண்டி கண்டமங்கலம் போனால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுவை. "விபத்து அந்த எல்லையில் நடந்தது, அங்கேதான் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர் கோர்ட்டு எல்லையிலேயே இழப்பீடு மனு போடலாம். எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி சீட்டு, வண்டி நம்பர், மிஷின் போட்டோ ஆகியவற்றை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. "பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுத்தடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

செய்ய வேண்டியது

மிஷினுக்கு பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கும், பின்னுக்கு பூட்டு ஊசியும் பாதுகாப்பு சங்கிலியும் போடுவதற்கும் ஆகும் செலவு ஒரு சித்தாளின் சில நாள் கூலிதான். ஆட்களை தனி வண்டியில் அனுப்பினால் கூடுதலாக ஒரு ஆட்டோ வாடகை ஆகும். வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் பேரம் பேசும்போதே இந்த வாடகையையும் சேர்த்து பேசிவிட்டால் பிரச்சினை இல்லை.

அபராதம் போடுவதோடு நிற்காமல், தினமும் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் வில்லியனூர், அரியூர், பாகூர் சாலைகளில் போலீசாரும் போக்குவரத்து துறையினரும் சேர்ந்து நின்று, கொக்கியையும் விளக்கையும் சோதித்து அனுப்பினாலே பாதி ஆபத்து குறையும். வேனில் ஏறும் சித்தாளுக்கு "நான் இதில் வரமாட்டேன்" என்று சொல்ல முடியாது. சொன்னால் அன்று கூலி இல்லை. அவருக்காக சொல்ல வேண்டியவர்கள் வண்டி ஓனரும், மேஸ்திரியும், அதிகாரிகளும்தான்.