ஆங்கிலம் போதுமா என்று கேட்பவர்களுக்கு

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐரோப்பாவுக்கு வர விரும்பும் மாணவர்கள் எனக்கு எழுதும் மடல்களில் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். உதவித்தொகையில் வாடகை போக என்ன மிஞ்சும்? அரிசி கிடைக்குமா? மழை உண்மையிலேயே அவ்வளவு மோசமா? மொழியைப் பற்றிக் கேட்பவர்களும் "ஆங்கிலம் போதும்தானே?" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். பிரசெல்சில் மூன்றாம் ஆண்டாக வாழும் நான் இதுவரை "போதும்" என்றே பதில் எழுதிவந்தேன். இனி அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

மழையை முதலில் முடித்துவிடலாம். இந்நகரின் ஊக்கல் பகுதியிலுள்ள வானிலை நிலையக் கணக்குப்படி இங்கு ஓராண்டில் பெய்வது சுமார் 840 மில்லிமீட்டர். எங்கள் சித்தூர் மாவட்டத்தின் சராசரி இதற்கு வெகுதொலைவில் இல்லை. சென்னையின் சராசரி இதைவிட மிகுதி. வேறுபாடு அளவில் அன்று, பங்கீட்டில் இருக்கிறது. எங்களூரில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் நீர், இங்கே ஏறத்தாழ 190 நாட்களுக்குக் கஞ்சன் அளப்பதுபோல் அளந்து ஊற்றப்படுகிறது. ஆகவே குடை வாங்காதீர்கள், காற்றில் புரண்டுவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று போதும். இடையிடையே நம்மூர் மழைபோல் சட்டென்று கொட்டுவதும் உண்டு. அதற்கு இங்குள்ள பிரெஞ்சில் 'த்ராஷ்' என்றொரு சொல். பக்கத்துவீட்டு டச்சிலிருந்து வந்த சொல் அது. பாரிஸ்காரர்கள் பெரும்பாலும் அதை ஆள்வதில்லை. இரண்டு மொழியினர் ஒரே மழையில் நனைந்தால் சொற்கள் எல்லை தாண்டத்தான் செய்யும்.

சித்தூர்க்காரருக்கு இது புதிதன்று. எங்கள் தெலுங்கைக் கடலோர ஆந்திரர் கேட்டால் தமிழ் வாடை வீசுகிறது என்பர். எங்கள் தமிழை வேலூரார் கேட்டால் தெலுங்கு வாடை என்பர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ், பிறகு தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். மொழியியல் முதுகலையில் கும்பர்சும் வில்சனும் 1971இல் எழுதிய குப்வார் கிராமத்து ஆய்வைப் படித்தபோது வகுப்பே வியந்தது. மராத்தியும் கன்னடமும் உருதுவும் சொற்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டு இலக்கணத்தில் ஒன்றையொன்று நெருங்கிவிட்ட ஊர் அது. எனக்கு மட்டும், எங்கள் தெருவைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது.

பிரசெல்சில் இறங்கிய முதல் வாரம் எனக்குக் கிடைத்த ஆறுதல் தெருப்பலகைகள்தாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர். மெட்ரோ நிலையம் பிரெஞ்சில் 'ஆர்-லுவா', டச்சில் 'குன்ஸ்த்-வெத்'. நகரத்துக்கு வெளியே போனால் இந்த இரட்டை மறைந்து ஒற்றையாகிவிடும். நெடுஞ்சாலையில் 'மோன்ஸ்' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு செல்பவருக்கு மொழியெல்லையைக் கடந்ததும் அதே ஊர் 'பெர்கன்' ஆகிவிடுகிறது. காட்பாடியிலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் வருபவர்கள் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டியதும் கடைப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் கண்டிருப்பார்கள். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

ஒற்றுமை பலகைகளோடு நிற்கவில்லை. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகி, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரத்தோடு சென்றது. அதன்பின் படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. மூன்றே ஆண்டுகள் கழித்துப் பெல்ஜியமும் இதையே செய்தது. 1962 நவம்பர்ச் சட்டம் வகுத்த மொழியெல்லை 1963இல் நடைமுறைக்கு வந்தபோது, மூஸ்க்ரோன் பகுதி பிரெஞ்சுப் பக்கத்துக்கும் ஃபூரோன் கிராமங்கள் டச்சுப் பக்கத்துக்கும் கைமாறின. அந்த ஃபூரோனின் நகரத்தலைவர் டச்சு மொழியறிவை மெய்ப்பிக்க மறுத்ததால் எழுந்த சிக்கலில் 1987இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது. நம்மவர்கள் மட்டும்தான் மொழிக்காக 'உணர்ச்சிவசப்படுகிறவர்கள்' என்று எண்ணும் பேராசிரியப் பெருமக்களின் பார்வைக்கு இதை வைக்கிறேன்.

கோடு போட்டபின் கோட்டுக்குத் தவறான பக்கத்தில் நின்றவர்களுக்கு இரு நாடுகளும் ஏதோ வாக்குறுதி தந்தன. இந்திய அரசமைப்பில் 1956இல் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது. ஒரு வட்டத்திலோ நகராட்சியிலோ சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அதே ஆண்டு நடுவணரசு குறிப்பாணை. பெல்ஜியத்தில் 27 நகராட்சிகளுக்கு 'மொழி வசதி' என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் 1997இல் ஃபிளாண்டர்ஸ் அமைச்சர் ஒருவர் விடுத்த சுற்றறிக்கை, பிரெஞ்சில் ஆவணம் வேண்டுவோர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும் என்றது. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. இந்த வகை உரிமையைச் சித்தூர்த் தமிழர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

இனி நான் சொல்ல வந்தது.

சென்ற நவம்பரில், வதிவிட அட்டையைப் புதுப்பிக்க, இந்நகரின் 19 நகராட்சிகளுள் ஒன்றின் அலுவலகத்தில் காத்திருந்தேன். வெளியே வழக்கமான தூறல். என் முறை வந்ததும் ஆங்கிலத்தில் தொடங்கினேன். சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் புன்னகையோடு ஆங்கிலத்திலேயே பேசினார். சட்டப்படி அவருக்கு அந்தக் கடமை இல்லை. பிரெஞ்சு, டச்சு இரண்டில் வந்தவர் விரும்பும் மொழியில் பேசுவதே கடமை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்து வந்தவர் மொராக்கோவைச் சேர்ந்த ஓர் அம்மையார். நனைந்த மேலங்கி, கூடவே பத்து வயதிருக்கும் பேத்தி. அம்மையார் சொன்னதைச் சிறுமி பிரெஞ்சில் எடுத்துச் சொன்னாள். அலுவலரும் சாளரமும் மாறவில்லை. குரல் மட்டும் மாறியது. இத்தனை ஆண்டு இங்கே இருந்துமா இன்னும், என்றார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கு அந்த வாக்கியம் மட்டும் தெளிவாகப் புரிந்தது.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் பத்து வயதில் ஓர் ஆயா இருந்தார். எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில், முதியோர் உதவித்தொகைக்கான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னா எழுதிகீது கண்ணு?" என்று கேட்டார். தமிழ் நாளிதழை விளம்பரம்வரை படிப்பவர் அவர். தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. அங்கிருந்த எழுத்தர் எங்களோடு நல்ல தமிழிலேயே பேசினார். அவருக்குத் தமிழ் தெரியும்; தாளுக்குத்தான் தெரியாது. நான் படித்துச் சொல்ல, ஆயா கைநாட்டு வைத்தார். கையொப்பமிடத் தெரிந்தவர், அந்தத் தாளில் மட்டும் கைநாட்டு வைத்தார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அந்த வரிசையில் நான் நிற்க வேண்டிய இடம் அம்மையாருக்குப் பக்கத்தில். நின்றதோ வேறிடத்தில். 1964இல் பெல்ஜியம் மொராக்கோவுடன் ஒப்பந்தம் செய்து உழைப்பாளிகளைத் தருவித்தது. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றுவரை 'குடியேறிகள்'. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த நான் 'எக்ஸ்பாட்'. நான் உள்ளூர் மொழி கற்காதது உலகத்தன்மை. அவர் கற்காதது குறைபாடு. இந்த 'எக்ஸ்பாட்' என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லாததில் எனக்கு மகிழ்ச்சியே. 'புலம்பெயர்ந்தோர்' என்பதில் ஈழத்தின் சுமை இருக்கிறது. அதை நான் சூடிக்கொள்வது முறையன்று. 'அயலகத் தமிழர்' என்கிறது தமிழ்நாட்டரசு. ஆனால் வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிறந்துவிட்ட எங்களுக்குப் 'பிறமாநிலத் தமிழர்' என்ற பெயர் விமானம் ஏறாமலே கிடைத்திருந்தது.

இதில் ஆங்கிலம் செய்யும் வேலையை மொழியியல் மாணவர்களாவது கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக்கு அடுத்தபடியாகப் பிரசெல்சில் மிகுதியானோர் அறிந்த மொழி இன்று ஆங்கிலமே, டச்சு அன்று. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதை ஆய்வரங்குகளில் நாள்தோறும் பார்க்கிறேன். சண்டை தீர்ந்ததுபோல் தோன்றும்; உறவும் அத்துடன் தீர்கிறது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டபோது எங்கள் பக்கம் எழுந்த பேச்சும் இதுதான்: இனித் தெலுங்குவழியா தமிழ்வழியா என்ற வழக்கே இல்லை, எல்லாருக்கும் ஒரே வழி. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. பெற்றோர் மனத்திலிருந்து அதை எந்த நீதிமன்றமும் நீக்கவில்லை. அவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. ஆங்கிலம் ஏறிவந்தவன் ஏணியைத் தள்ளிவிட்டுத் தாய்மொழிப் பெருமை பேசுவது அருவருப்பானது.

பிரசெல்சிலேயே வாழும் மெய்யியலாளர் ஃபிலிப் வான் பரைஸ் 2011இல் வெளியிட்ட மொழிநீதி பற்றிய நூலில் ஆங்கிலத்தைப் பொதுமொழியாக ஏற்பதே நீதிக்கு உகந்தது என்று வாதிடுகிறார். ஆய்வாளர்கள் பலர் அந்தப் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவர். வந்து குடியேறுபவர் அந்நிலத்தின் மொழியைக் கற்க வேண்டும் என்பதும் அதே நூலின் வாதம். அந்த மறுபாதி எக்ஸ்பாட் விருந்துகளில் பேசப்படுவதில்லை. 2022 ஜூன் முதல் பிரசெல்சுக்குப் புதிதாக வரும் பிறநாட்டார் பலருக்கு மொழிவகுப்புடன் கூடிய குடியேற்றப் பயிற்சி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யாருடைய மௌனம் குற்றம், யாருடையது நாகரிகம் என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். மூன்றாண்டில் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். மாலைகள் ஆய்வகத்துக்கே போதவில்லை. முடிந்ததும் வேறு நாடு. அதுவரை ஒரு மொழியை அரைகுறையாகக் கற்று என்ன பயன்? நானும் இதையே சொல்லிக்கொண்டு இரண்டு குளிர்காலங்களைக் கழித்தேன். ஆயாவின் தெலுங்கும் அரைகுறைதான். அதைக் கொண்டு அவர் நாற்பது ஆண்டு காய்கறி விற்றார். எதிர்வீட்டுத் தெலுங்கம்மாவோடு சண்டையிட்டார், சமாதானமானார், அவர் இறந்தபோது ஒப்பாரி வைத்தார், தமிழில்.

எந்த மொழி என்பது இந்நகரில் அரசியல் கேள்வி. என் பல்கலைக்கழகத்தின் நிருவாகம் ஒரு பக்கம், என் மாடிப்படி மறுபக்கம். மாடிப்படியில் பிரெஞ்சு வழங்குவதால் பிரெஞ்சையே தேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. முப்பது பேரில் ஆய்வாளன் நான் ஒருவனே. மற்றவர்கள் துப்புரவுப் பணியிலும் சமையற்கூடங்களிலும் இருப்பவர்கள், எல்லாரும் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள். ஞாயிறன்று மிதி நிலையச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்கு விலை கேட்டேன். கடைக்காரர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். நான் மாறவில்லை. இரண்டு கட்டு தந்து ஒன்றுக்குக் காசு வாங்கினார்.

அரிசி மிதி சந்தையிலும் மாத்தோஞ்சே பகுதிக் கடைகளிலும் கிடைக்கும். வெண்டைக்காயும் உண்டு. வாடகைக் கணக்கை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.