நுழையுமுன் வெளிவழி பார்ப்போம்



நம் நண்பர் ஒருவரின் தந்தையார், கிராமப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் ஊரின் ஏரி, தெருக்கள், குடும்பங்கள் ஆகியவற்றின் வரலாற்றை இரண்டு குறிப்பேடுகளில் எழுதி வைத்துவிட்டு மறைந்தார். 2003-ஆம் ஆண்டில் நண்பர் அவற்றைக் கணினியில் தட்டெழுதி, இலவசமாக இடமளித்த ஓர் இணையதளத்தில் ஏற்றினார். பின்னர் குறிப்பேடுகள் கரையானுக்கு இரையாயின. இணையத்தில்தான் பத்திரமாக இருக்கின்றனவே என்று அவர் கவலையுறவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தேடியபோதோ தளமே இல்லை! இடமளித்த நிறுவனம் அச்சேவையை முடித்துக்கொண்டது. முன்னறிவிப்போ, அவர் திறந்து பாராது விட்ட பழைய மின்னஞ்சலுக்குச் சென்றிருந்தது.

இன்று அவருடைய மகள், பாட்டனாரின் எழுத்தை மீண்டும் இணையத்தில் ஏற்ற விழைகிறாள். எந்த மென்பொருளைத் தேர்வது என்று நம்மிடம் கேட்டாள். பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றிலும் இக்கேள்வி எழக்கூடுமாதலால், நாம் அவளுக்குக் கூறியதை ஈண்டு எழுதுகிறோம்.

எக்கருவி அழகிய பக்கங்களைத் தருகிறது, எது எளிது, எது மலிவு என்றே பலரும் முதலில் வினவுகின்றனர். ஆயினும் முதற்கண் வினவ வேண்டியது வேறு: நாம் உள்ளே இட்டதை, வேண்டும்போது முழுமையாக வெளியே எடுக்க இயலுமா?

பெரிய நிறுவனத்தின் கருவி என்றும் நிலைக்கும் என எண்ணுதல் தவறு. 1994-இல் தோன்றி, 1999-இல் யாஹூ நிறுவனத்தின் கைக்கு வந்த ஜியோசிட்டீஸில் இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009-இல் அமெரிக்காவில் அது மூடப்பட்டது. மைக்ரோசாப்ட் 1996-இல் விலைக்கு வாங்கிய பிரண்ட்பேஜ் என்னும் மென்பொருள் 2006-இல் கைவிடப்பட்டது. அடோபி நிறுவனத்தின் மியூஸ் என்னும் கருவிக்கு அளித்துவந்த ஆதரவு 2020-இல் நின்றது. நிறுவனங்கள் தம் கணக்கைப் பார்த்து முடிவு செய்கின்றன; அதை நாம் தடுத்தல் இயலாது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பி2 என்னும் மென்பொருளை எழுதிவந்தவர் அப்பணியினின்று விலகிவிட்டார். எனினும் அதன் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்னும் உரிமம் இருந்தமையால், அமெரிக்காவின் மேட் முல்லன்வெக், இங்கிலாந்தின் மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003-இல் அப்பணியைத் தொடர்ந்தனர். அதுவே வேர்ட்பிரஸ். இன்று உலக இணையதளங்களுள் ஏறத்தாழப் பத்தில் நான்கு அதனைக் கொண்டு இயங்குகின்றன. எழுதியவர் விலகியும் மென்பொருள் மடியவில்லை. காரணம், அதன் திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்கவில்லை.

அங்ஙனமாயின் அனைவரும் வேர்ட்பிரஸையே தேர்தல் வேண்டுமோ? அன்று. நம் தேவையை அளந்து பார்த்தல் நலம். பத்துப் பன்னிரண்டு பக்கங்களே உள்ளன, அவையும் அடிக்கடி மாறாதன எனில், ஹெச்.டி.எம்.எல். மொழியில் எழுதிய எளிய கோப்புகளே போதும். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அமைத்த முதல் இணையதளத்தின் பழைய படியை இன்றைய கணினியிலும் தடையின்றிப் படிக்கலாம். வாரந்தோறும் புதிய செய்தி சேர்ப்போர்க்கும், பலர் கூடி எழுதுவோர்க்கும் வேர்ட்பிரஸ், துருபல் போன்றவை ஏற்றவை. ஆனால் அவற்றையும், அவற்றோடு இணைக்கும் துணை நிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத தளம் தாழிடாத வீடு போன்றது, தீயோர் நுழைவர்.

எக்கருவியாயினும் நான்கு செய்திகளை மறவாதிருப்போமாக.

முதலாவது, பக்கங்களை வெளியே எடுக்கும் வசதியை முதல் வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் நம் எழுத்துகளை ஒரே கோப்பாகத் தரும். படங்கள் அக்கோப்பில் வாரா. அவற்றைத் தனியே படியெடுக்க வேண்டும். இதை அறியாது, தளம் மாறும்போது படங்களை இழந்தோர் உண்டு.

இரண்டாவது, தளத்தின் முகவரிப் பெயர் நம் பெயரிலேயே பதிவாகட்டும். அமைத்துத் தருபவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், அவர் விலகும் நாளில் முகவரியும் விலகும். காலம் முடியுமுன் பணம் செலுத்திப் புதுப்பிக்கவும் வேண்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்துகள் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் அமையட்டும். முற்காலத்தில் எழுத்துருக்கள் பல தமக்கெனத் தனிக் குறிமுறையைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

நான்காவது, கடவுச்சொல் குடும்பத்தில் இருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும். அறிவிப்பு வரும் மின்னஞ்சலை யாரேனும் ஒருவர் தவறாது பார்க்கட்டும்.

நம் நண்பரின் கதை முற்றும் துயரமாக முடியவில்லை. பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்துக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமைப்பு 1996 முதல் இயங்கிவருகிறது. அதில் தேடியபோது அத்தளத்தின் பக்கங்களுள் ஒன்பது கிடைத்தன. அவை பழைய எழுத்துருவில் இருந்தமையால் ஓரெழுத்தும் விளங்கவில்லை. மாற்றி என்னும் மென்பொருளின் உதவியால் ஒருங்குறிக்குக் கொணர்ந்தாள் அப்பெண். ஏரியின் வரலாறு மீண்டது. குடும்பங்களின் வரலாறு மீளவில்லை.

மீண்டவற்றை எளிய ஹெச்.டி.எம்.எல். பக்கங்களாக அமைத்து, ஒரு படியைத் தன் கணினியிலும், மற்றொன்றைச் சித்தப்பா வீட்டிலும் வைத்திருக்கிறாள். தாளிலும் அச்சிட்டுத் தந்தையிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

வாசகர்களே, உங்கள் இல்லத்தார் எவரேனும் இணையத்தில் எதையேனும் ஏற்றியிருப்பின், இன்றிரவே கேளுங்கள்: இதன் படி நம் வீட்டில் உள்ளதா?