நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலே தேங்கி நிற்கும் மழைநீரே எமது செல்வம். கிணறே எமது கங்கை. கிணறே எமது காவிரி. அந்தக் கிணற்றிலே ஒருவன் நஞ்சு கலந்தால் அவன் குற்றவாளி என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால், ஒரு கம்பனி தன் கவனயீனத்தால் ஓர் ஊரின் கிணறுகளையே கெடுத்துவிட்டால் மட்டும் நம்மவர் நாக் குழறுகிறது. "அரசாங்கம் ஏதாவது உதவி செய்யாதா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். உதவி கேட்பவன் கொடுப்பவனின் முகத்தைப் பார்த்து நிற்கிறான். கடனைக் கேட்பவன் நிமிர்ந்து நிற்கிறான். இழப்புக்கு ஈடு கேட்பது கடனைக் கேட்பதேயன்றி வேறில்லை.

சுன்னாகத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மின் நிலையத்தின் சுற்றாடலிலுள்ள கிணறுகளிலே கழிவு எண்ணெய் கலந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அளவை மீறிக் காணப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தன் கிணற்று நீரைப் பிறருக்கு வார்த்த குடியானவன், வாளியோடு தெருவிலே நின்று பவுசரை எதிர்பார்த்தான். அதைக் கண்டு வருந்தியோர் பலர். அது யார் செய்த தீங்கின் பயன் என்று கேட்டுச் சட்டத்தின் வாசலுக்குச் சென்றோர் எத்தனை பேர்?

மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் இவ்விடயம் விசாரணைக்கு வந்தது உண்மை. ஆயின், 2015இல் நாட்டின் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர் நம் ஊரார் அல்லர். சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான இரவீந்திர குணவர்த்தன காரியவசம் அவர்களே அதைச் செய்தார். அவருக்கு நன்றி கூறுவது நம் கடமை. அதே வேளை, வழக்கறிஞருக்குப் பஞ்சமில்லாத யாழ்ப்பாணம் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வதும் கடமை.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே அதற்கான விலையைச் செலுத்தவேண்டும் என்ற நெறியை நீதிமன்றம் கையாண்டது. நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமென்று பணித்தது. 500 கிணறுகள், கிணறொன்றுக்கு 40,000 ரூபா என்பது கணக்கு. காவல் செய்யவேண்டிய மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறியமையைச் சுட்டிக்காட்டவும் நீதிமன்றம் தயங்கவில்லை.

தீர்ப்பு பெரிது, தொகை சிறிது. 40,000 ரூபா கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யப் போதலாம். வாடிய வெங்காயப் பாத்திக்கும், கைவிட்ட வாழைத் தோட்டத்திற்கும், வைத்தியச் செலவுக்கும் அதிலே இடம் ஏது? அவற்றுக்கும் நமது சட்டத்தில் வழியுண்டு. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை பேசாத இடத்தில் உரோம டச்சுச் சட்டம் பேசுகிறது. பிறனுடைய கவனயீனத்தால் இழப்படைந்தவன் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரலாம் என்பது அச்சட்டத்தின் பழைய விதி. எதிராளி கவனமாக நடக்கக் கடமைப்பட்டவன், அதில் தவறினான், அத்தவறே இழப்பைத் தந்தது, இழப்பு இவ்வளவு: இந்த நான்கையும் வழக்காளி நிறுவவேண்டும். அதற்கும் காலவரையறை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டுகளே தருகிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். நம்மிற் பலர் அந்தக் காலத்தைப் பவுசர் வரிசையிலேயே கழித்துவிட்டோம்.

யப்பான் நாட்டு மினமாட்டா மக்களின் கதை நமக்குப் பாடமாகட்டும். சிசோ கம்பனி கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனிலே ஏறி, மீன் உண்டோரின் நரம்பைத் தின்றது. 1959இல் அக்கம்பனி ஏழை மீனவருக்கு 'அனுதாபப் பணம்' என்று சிறு தொகை கொடுத்தது. தன் குற்றம் பின்னர் வெளிப்பட்டாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது என்று ஒப்பமும் வாங்கிக்கொண்டது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளி, கம்பனியின் கவனயீனத்திற்கு நட்டஈடு விதித்தது. இடையில் கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். அனுதாபத்தின் பெயரால் நீதியை ஒத்திப்போட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, விவசாயப் பெருமக்களே, கிணற்று நீரில் மாறுதல் கண்டால் அன்றே திகதியைக் குறித்து வையுங்கள். அயலாரைச் சாட்சியாக வைத்து நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். விதை, உரம், கூலி, மருந்து ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள். வைத்தியர்களே, நோயாளியின் துண்டில் நோயை மட்டுமன்றி அவர் குடிக்கும் நீரின் ஊற்றையும் எழுதுங்கள். பிரதேச சபைகள் தத்தம் எல்லைக் கிணறுகளுக்குப் பதிவேடு வைத்து, ஆண்டுதோறும் சோதனை முடிவை அதிலே பொறிக்கட்டும். நேற்று நல்ல நீர் இருந்தது என்பதை நிறுவ முடியாதவன், இன்று கெட்டதற்கு ஈடு கேட்பது எங்ஙனம்?

சட்டத்தொழில் செய்யும் நமக்கும் பங்குண்டு. காணி வழக்கிற்கும் எல்லை வழக்கிற்கும் நாம் செலவிட்ட அறிவிலே ஒரு சிறு பங்கை இவ்வழக்குகளுக்குத் தந்திருந்தால், தீங்கு செய்தோர் இத்துணை துணிந்திரார். ஏழைக் கமக்காரர் நூறு பேரின் சான்றுகளை ஒன்றாகத் திரட்டி, கட்டணம் பாராது வழக்காட நம்மிற் பத்துப் பேர் முன்வந்தாற் போதும். மாதம் ஒரு நாள் கிராமத்திற்குச் சென்று கடதாசிகளைப் பார்த்துக் காலவரையறையை எடுத்துச் சொன்னால், பல உரிமைகள் பிழைக்கும்.

பவுசர் வருவது நல்லதே. தாகம் வழக்கு முடியும்வரை காத்திராது. நீரை வாங்கிக்கொள்வோம். அதனோடு நம் வழக்கையும் உரிய நாளில் பதிவு செய்வோம்.