டிங்சரும் உருண்டையும் ஒன்றல்ல

மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

மேற்கு வங்கத்தின் கல்யாணி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபைட்டோலக்கா செடியின் மதர் டிங்சர், ஆய்வகத்தில் வளர்த்த, மெலனோமா என்னும் தோல் புற்றின் செல்களை மடியச் செய்தது என்பது அதன் சாரம். நல்ல ஆய்வுதான். அதை வைத்து ஹோமியோபதி தோல் புற்றைக் குணமாக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மதர் டிங்சர் என்பது செடியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. செடியின் வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. நோயாளி வாங்குவதோ பெரும்பாலும் 30 சி, 200 சி உருண்டை. ஒரு பங்குக்கு 99 பங்கு நீரோ ஆல்கஹாலோ சேர்த்துக் குலுக்குவதை எத்தனை முறை செய்தார்கள் என்பதே அந்த எண்; பன்னிரண்டு முறை செய்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. டிங்சர் காட்டிய விளைவை உருண்டையின் கணக்கில் எழுதுவது நியாயமா?

செடியில் மருந்தில்லை என்று நான் சொல்லவில்லை. ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதானே! தோலுக்கே ஓர் உதாரணம் உண்டு. யூஃபோர்பியா பெப்லஸ் செடியின் பாலை ஆஸ்திரேலிய மக்கள் தோல் புள்ளிகளுக்குத் தடவிவந்தார்கள். அதிலிருந்து பிரித்த இன்ஜெனால் மெபுடேட் களிம்பை, வெயிலால் வரும் புற்றுக்கு முந்தைய தடிப்புகளுக்காக 2012இல் அமெரிக்கா அனுமதித்தது. வேறொரு களிம்போடு மூன்றாண்டு ஒப்பிட்டபோது, இதைத் தடவியவர்களிடம் தோல் புற்று கூடுதலாகத் தெரிந்தது. 2020இல் ஐரோப்பாவில் விற்பனை நின்றது. பொறுமையாகக் கண்காணித்திராவிட்டால் இந்த ஆபத்து வெளியே வந்திருக்காது.

நம் நாட்டில் மெலனோமா அதிகம் வரும் இடங்களில் ஒன்று உள்ளங்கால். எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொன்னால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்; பையில், மருவுக்குத் தரும் துஜா என்ற ஹோமியோபதி உருண்டைக் குப்பி இருக்கும். காலில் இருப்பதை மரு என்றே நினைத்திருப்பார்கள். மெலனோமாவின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கிறோம். மேலாக இருக்கும்போதே வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். குப்பி தீரும்வரை காத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு கைநழுவுகிறது.

ஆகவே கேட்கிறேன். கவுன்சில் நிதி தரும் ஒவ்வோர் ஆய்வின் அறிவிப்பிலும், சோதித்தது டிங்சரா உருண்டையா, செல்லிலா எலியிலா மனிதரிலா என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். ஹோமியோபதியைத் துணை மருத்துவமாகச் சோதிப்பதென்றால் அறுவை சிகிச்சைக்குத் துணையாக, புற்றுநோய் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும் சோதியுங்கள். கறுத்துப் படரும் புள்ளியோடு வருபவரை முதலில் பயாப்சிக்கு அனுப்பும்படி எல்லா ஹோமியோபதி மருத்துவர்களுக்கும் சுற்றறிக்கை எழுதுங்கள். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் அதிலேயே நினைவூட்டுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுபவர்கள் முதலில் தேடிப்போவது உங்கள் மருத்துவர்களைத்தான். சுற்றறிக்கை எப்போது வரும் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தோல் நோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்