கப்பல் யாருக்காக?

கடலே இல்லாத கள்ளக்குறிச்சிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன கட்டுரை என்று நண்பர்கள் வினவலாம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. ஆறு போன திசையில் ஆட்களும் போனார்கள். பழைய தென்னார்க்காட்டிலும் அடுத்திருந்த சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலும் நிலமற்ற குடும்பங்கள், பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றன. தமிழனுக்குக் கப்பற் பயணம் சீமான்களின் பொழுதுபோக்காக வாய்த்ததில்லை. அது கூலிக்காரனின் வண்டி. அந்த வண்டி இன்று யாருக்காக ஓடுகிறது, யாருக்காக ஓட வேண்டும் என்பதே என் கேள்வி.

1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அலைந்தது. படுக்கை அறைகள் சிலருக்கு. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதன்பின் அந்த வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றி உயிர்கள் பலியாயின. அத்தோடு அந்தக் கடல்வழியும் மூடிற்று.

இலங்கைக்கு 1914 முதல் 'போட் மெயில்' இருந்தது. எழும்பூரில் சீட்டு வாங்கினால் தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னார்வரை கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கப்பலில்தான் வந்திறங்கினார்கள். 1984இல், இலங்கையின் இனப்போர் மூண்ட காலத்தில், அதுவும் நின்றது.

இத்தனையும் சொல்லிவிட்டு வ.உ.சி.யைச் சொல்லாமல் போக முடியாது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தேசபக்திக் கதையாகவே நாம் படித்துவிட்டோம். அதில் பொருளியல் பாடமும் இருக்கிறது. தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். குடை வாங்கியவர்களுக்கு அன்றைக்கு ஆதாயம்தான். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911க்குள் சுதேசிக் கம்பெனி கலைந்தது. போட்டி ஒழிந்தபின் குடை கொடுக்க எவனுக்குப் பைத்தியம்? ஏழையின் கட்டணம் ஒரு கம்பெனியின் தயவிலோ தந்திரத்திலோ தொங்கக் கூடாது; நிலையான பொது ஏற்பாடாக இருந்தால்தான் நிற்கும்.

இப்போது நாகைக்கு வருவோம். சுமார் நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிற்று. 'செரியபாணி' என்னும் அதிவேகக் கப்பல், 150 இருக்கைகள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டதென்று ஒரே வாரத்தில் நிறுத்தினார்கள். ஐப்பசியில் களத்தில் நெல் காயவைக்க நினைப்பவனைப் பார்த்து எங்களூர்ப் பாட்டிகள் சிரிப்பார்கள். விழா எடுத்தவர்களுக்கு ஒரு பாட்டி இல்லாமற் போயிற்று! 2024 ஆகஸ்டு 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் தனியார் நிறுவனம் மீண்டும் தொடங்கியது நல்ல செய்தி. வரவேற்கிறேன்.

ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். 2023இல் ஒருவழிப் பயணத்துக்கு அறிவித்த கட்டணம் ரூ.6,500, சரக்கு சேவை வரி 18 விழுக்காடு சேர்த்து ரூ.7,670. அதே ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் குறித்த நாட்கூலி ரூ.294. அக்கரைக்குப் போக மட்டும் 26 நாள் கூலி. திரும்பி வர இன்னும் 26. கூலியாளர் நிறைந்த கருணாபுரத்திலிருந்து பார்க்கும் எனக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது. முகாம்களில் முப்பது நாற்பது ஆண்டுகளாக வாழும் ஈழத்துக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு சாவு விழுந்தால் ஐந்து பேராகப் போய்வர எங்கே கடன் வாங்குவார்கள்? 'விமானம் இருக்கிறதே' என்பவர்கள், ஊர் திரும்பும் குடும்பம் தையல் எந்திரத்தையும் பாத்திரங்களையும் விமானத்தில் எப்படிக் கொண்டுபோகும் என்பதையும் சொல்லட்டும்.

'அரசு நட்டத்தில் கப்பல் ஓட்ட முடியுமா?' என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் அரசுப் பேருந்தை இலாபக் கணக்குப் பார்த்தா ஓட்டுகிறோம்? மலைமக்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வர வேண்டும், அதனால் ஓட்டுகிறோம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அந்தச் செலவை அரசு ஈடு செய்கிறது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்கும் சென்னையிலிருந்து அந்தமானுக்கும் போகும் கப்பல்களில் தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. வங்கத்தையும் அரபிக்கடலையும் தாண்டச் சலுகை உண்டென்றால் பாக் நீரிணைக்கு மட்டும் ஏன் மனம் வரவில்லை?

இன்னொன்று. மெதுவாகப் போகும் கப்பலே ஏழைக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது. சாதாரணக் கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க எந்திரத்தின் திறன் ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். பயண நேரம் பாதியானாலும் எண்ணெய்ச் செலவு நான்கு மடங்கு. நமக்கு மூன்றரை மணியில் போய் என்ன ஆகப்போகிறது? ஏழு மணி நேரம் ஆகட்டும். சீட்டு விலையும் இறங்கும், புகையும் குறையும். பாக் விரிகுடா ஆழமற்றது. கடற்புல் தின்று வாழும் கடற்பசுவுக்காகத் தமிழக அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்த கடல் அது. அங்கே எண்ணெய்க் கழிவையும் பிளாஸ்டிக்கையும் கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு உரிமமே கூடாது.

அண்டை மாநிலத்தில் வழி கண்டிருக்கிறார்கள். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேர் அமரும் 'ஆதித்யா' சூரிய ஒளியில் ஓடுகிறது. கொச்சியில் 2023இல் தொடங்கிய நீர் மெட்ரோ, மின்கலப் படகுகளில் தீவுப்புற மக்களை நகரத்துக்குக் கொண்டுவருகிறது. தொடக்கத்தில் குறைந்த கட்டணம் 20 ரூபாய். திறந்த கடலில் நாகைவரை சூரியப் படகு போகாதுதான். இராமேசுவரம்–தலைமன்னார் போன்ற குறுகிய வழியில் மின்கலப் படகை முயன்று பார்க்கலாமே.

மலிவு என்பதற்காக நெரிசலில் ஏற்றுவதை நான் கேட்கவில்லை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். தென்கொரியாவின் 'செவோல்' 2014இல் அளவு மீறிய சரக்கோடு மூழ்கியபோது 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். மாலுமித் தலைவரோ முதலில் மீட்கப்பட்டவர்களில் ஒருவர். இத்தகைய சாவுகளுக்குப் பிறகுதான் விசாரணையும் விதிகளும் ஓடி வருகின்றன. 2024 ஜூனில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின்புதானே அதிகாரிகளின் கார்கள் கருணாபுரத்துத் தெருவுக்குள் நுழைந்தன! மிதவை அங்கி எத்தனை இருக்கிறது என்பதைக் கப்பல் புறப்படும் முன்னே எண்ண வேண்டும்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு கப்பலிலும் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளுக்கு மூன்று நாள் கூலியைக் கட்டணமாக வைக்கட்டும். மீதிச் செலவை இரு நாட்டு அரசுகளும் பகிர்ந்துகொள்ளட்டும். நாகைத் துறைமுக வாயிலில் அந்தக் கட்டணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கட்டும். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதையும், மழைக்காலத்தில் எந்த நாள்முதல் எந்த நாள்வரை கப்பல் இல்லை என்பதையும் அதன் கீழேயே எழுதட்டும்.