டைனோசர் முட்டையா, கல்லா?

2020 அக்டோபரில் ஒரு செய்தி செல்போன்களில் பறந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன, அவை டைனோசர் முட்டைகள் என்று! நிலவியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். 'முட்டை இல்லை, அம்மோனைட்' என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மோனைட், கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. கடலடியில் புதைந்த அதன் ஓட்டைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் படிந்து இறுகினால், உருண்டைக் கல்லாகிவிடும். ஆமாம், அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல்தான்!

பார்த்ததும் எப்படிச் சொன்னார்கள்? அதற்குத்தான் கல்லூரியில் களப்பயிற்சி இருக்கிறது. நிலவியல் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து அரியலூருக்கு வருகிறார்கள். பையில் சுத்தியல், பூதக்கண்ணாடி, பாறையின் சாய்வை அளக்கும் காம்பஸ், சின்ன பாட்டிலில் நீர்த்த அமிலம். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று வெயிலில் நடந்து நடந்து வரைபடம் போடுவார்கள். கால் வலிக்கத்தான் செய்யும்!

புவி இயற்பியல் மாணவர்களின் வேலை வேறு மாதிரி. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் தரையில் அடிப்பார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் பாயும். உள்கம்பிகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். ஈரமான பாறை மின்சாரத்தை எளிதாக விடும், காய்ந்த கெட்டிப்பாறை தடுக்கும். தோண்டாமலேயே நிலத்தடி நீர் எங்கே இருக்கலாம் என்று கணிக்க இது உதவுகிறது.

கொரோனா வந்த 2020-இல் பல கல்லூரிகள் களப்பயிற்சியை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் பாறைப் படங்களைக் காட்டின. அந்த நேரத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் படத்தில் கல்லின் கனம் தெரியுமா? திருப்பிப் பார்க்கத்தான் முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று இருக்கும் பாறை நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளைப் பற்றி 1987-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஒரு கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம்! பெயர் புருஹத்காயோசாரஸ். அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை அளவுகளும் சில படங்களும்தான். அது டைனோசரா, கல்லான மரமா என்று பின்னால் விவாதமே நடந்தது. அன்று குறித்து வைத்தது மட்டுமே சாட்சி!

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்தான் அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். சுரங்கம் வெட்டும்போது புதிய அடுக்குகள் வெளியே தெரியும், மாணவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் அதே கல் அரைபட்டும் போகிறது. சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அரைபடுவதற்குள் பார்த்துக் குறிக்கப் பயிற்சி பெற்றவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று இருக்கிறது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. இன்றும் அங்கேயே படுத்திருக்கிறது, லீவில் போய்ப் பார்க்கலாம். சுத்தியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!